பெயர் தெரியாத ஓவியருக்கு ஒரு கண்காட்சி: டச்சு உருவப்படங்களை முன்வைத்து ஓர் எளிய அறிமுகம்

ஆண்ட்வெர்ப் நகரின் அரச நுண்கலை அருங்காட்சியகத்தில் ஒரு சிறிய பலகை ஓவியம் இருக்கிறது. கணவனும் மனைவியும் தோளோடு தோள் ஒட்டி நிற்கிறார்கள். முன்னால் ஒரு மேசை, ரொட்டி, செர்ரிப் பழங்கள். மனைவியின் வெள்ளைத் தலைத்துணியில் ஓர் ஈ உட்கார்ந்திருக்கிறது. பார்ப்பவர் கை அதை விரட்ட நீளும், அவ்வளவு தத்ரூபம். மேலே அந்த ஊர் ஓவியர் சங்கத்தின் சின்னம். படத்தைச் சுற்றிய மரச்சட்டத்தில் 1496 என்ற ஆண்டும், கணவருக்கு 36 வயது, மனைவிக்கு 27 வயது என்ற குறிப்பும் உள்ளன. அந்தக் கணவர்தான் இதை வரைந்தவர்.

ஆக, இந்த ஓவியரின் முகம் நமக்குத் தெரியும். 1460 வாக்கில் பிறந்தவர் என்று கணக்குப் போட்டுவிடலாம். எந்த ஊரில் தொழில் செய்தார், எந்தச் சங்கத்தில் இருந்தார், மனைவி அவரைவிட எத்தனை வயது இளையவர் என்பது வரை தெரியும். பெயர் மட்டும் உறுதியாகத் தெரியாது. 'ஃப்ராங்க்ஃபர்ட் ஆசான்' என்று அவரை அழைக்கிறார்கள். அவர் ஃப்ராங்க்ஃபர்ட்காரர் கிடையாது. அந்த ஊருக்காக அவர் செய்துகொடுத்த இரண்டு பலிபீட ஓவியங்களை வைத்து வந்த பெயர் அது. ஆண்ட்வெர்ப் ஆவணங்களில் வரும் ஹென்ட்ரிக் வான் வூலுவே என்ற ஓவியர்தான் இவர் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். ஆனால் அந்தப் பெயரையும் இந்தப் படங்களையும் சேர்த்துக் கட்டும் ஒரு கையொப்பமோ ரசீதோ இதுவரை இல்லை.

'பெயர் தெரியாத ஓவியர்' என்று அருங்காட்சியக அட்டையில் படித்ததும் பெரும்பாலோர் அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுகிறோம். ஒன்றும் தெரியாத ஒருவர் என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. அந்த முடிவு தவறு என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. பெயர் தெரியாதவரைப் பற்றி ஏராளமாகத் தெரிந்திருக்க முடியும். அவர் படங்களை மட்டும் ஒன்றுசேர்த்து ஒரு கண்காட்சியே நடத்த முடியும். நெதர்லாந்தின் (அன்று ஆண்ட்வெர்ப்பும் அதில் சேர்த்தி) பழைய உருவப்பட ஓவியர்களை எடுத்துக்கொண்டு, அது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

பெயர் இல்லாதவருக்கு எப்படிப் பெயர் வைக்கிறார்கள்?

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிய வழக்கமே இல்லை. குறுந்தொகையில் 'செம்புலப் பெயல்நீர் போல' என்று எழுதியவரின் இயற்பெயர் தொலைந்துவிட்டது. தொகுத்தவர்கள் அந்த வரியையே எடுத்து அவரைச் செம்புலப்பெயனீரார் ஆக்கினார்கள். அணிலாடு முன்றிலார், குப்பைக் கோழியார், தேய்புரிப் பழங்கயிற்றினார் எல்லாரும் இப்படித் தங்கள் உவமையால் பெயர் பெற்றவர்கள்தான். ஓவிய ஆராய்ச்சியாளர்கள் செய்வதும் ஏறக்குறைய இதே வேலை. ஒருவரின் மிகச் சிறந்த படத்தையோ, அது இருந்த ஊரையோ, அவர் கையில் ஓயாமல் திரும்பிவரும் ஒரு வழக்கத்தையோ பிடித்து 'இன்னதன் ஆசான்' என்று ஒரு தற்காலிகப் பெயர் கொடுக்கிறார்கள்.

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில் மரியாளைச் சுற்றி நான்கு கன்னிப் புனிதர்கள் அமர்ந்திருக்கும் படம் ஒன்று உண்டு. அதை வரைந்தவர் 'கன்னியருள் கன்னியின் ஆசான்'. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் டெல்ஃப்ட் நகரில் அச்சான நூல்களின் மரச்செதுக்குப் படங்களில் இதே கைவழக்கம் தெரிகிறது. அதனால் அவர் டெல்ஃப்டில் இருந்தவர் என்று சொல்ல முடிகிறது. பெயர் கிடைக்கவில்லை, ஊர் கிடைத்துவிட்டது.

அதே அருங்காட்சியகத்தில் இன்னொரு பெரும் படைப்பு, ஏழு பலகைகளாக அமைந்த 'இரக்கத்தின் ஏழு செயல்கள்'. 1504ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அல்க்மார் என்ற ஊரின் புனித லாரன்ஸ் தேவாலயத்தில் இருந்தது. பசித்தவருக்கு ரொட்டி கொடுப்பது, ஆடையற்றவருக்கு ஆடை கொடுப்பது, இறந்தவரை அடக்கம் செய்வது என்று ஒரு டச்சு நகரத் தெருவிலேயே எல்லாம் நடக்கிறது. ஏழைகளின் கூட்டத்துக்குள் கிறிஸ்து யாரும் கவனிக்காதபடி நிற்கிறார். 16ஆம் நூற்றாண்டின் சமயக் கலவரங்களில் யாரோ கத்தியால் அந்த முகங்களைக் கீறினார்கள். பழுது பார்த்த பின்னும் அந்தக் காயத்தின் கதை படத்தோடு சேர்ந்தே சொல்லப்படுகிறது. இதை வரைந்தவர் 'அல்க்மார் ஆசான்'. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள எக்மோண்ட் பிரபு, அவர் மனைவி ஆகிய இருவரின் உருவப்படங்களும் இவருடையவை என்று நெடுநாளாகச் சொல்லப்பட்டு வந்தன.

இந்தத் தற்காலிகப் பெயரில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. செம்புலப்பெயனீரார் பெயரில் நமக்கு ஒரே ஒரு பாட்டுதான். 'அல்க்மார் ஆசான்' என்ற பெயரோ ஒரு படத்தோடு நிற்பதில்லை. ஒரே கை செய்ததாக நம்பப்படும் படங்களையெல்லாம் அந்தப் பெயரின்கீழ் சேர்த்துக்கொண்டே போகிறார்கள். ஆகவே அது ஒரு மனிதரின் பெயர் என்பதைவிட, ஒரு கருதுகோளின் பெயர். நாளைக்கே ஒரு படத்தை அந்தக் கட்டிலிருந்து உருவலாம். ஒரே ஆள் என்று நினைத்தது இருவராகப் பிரியலாம். இரண்டு 'ஆசான்கள்' ஒருவரே என்றும் முடியலாம்.

உருவப்படங்களில் மட்டும் ஏன் இவ்வளவு பெயர்கள் தொலைந்தன?

17ஆம் நூற்றாண்டு டச்சுக் குடியரசில் ஓவியம் அரண்மனைப் பொருளாக இருக்கவில்லை. துணி வியாபாரி, பீர் காய்ச்சுபவர், பேக்கரிக்காரர் எல்லாரும் படம் வாங்கினார்கள், தங்கள் முகத்தையும் வரையச் சொன்னார்கள். அந்த நூற்றாண்டில் வரையப்பட்ட படங்களை ஆராய்ச்சியாளர்கள் பல பத்து லட்சங்களில் மதிப்பிடுகிறார்கள். அத்தனையையும் இன்று நாம் பெயர் சொல்லும் சிலர் மட்டும் வரைந்திருக்க முடியாது. ஒவ்வொரு ஊரிலும் பத்து, இருபது என்று ஓவியர்கள் தொழிலாகவே இதைச் செய்தார்கள்.

ஊருக்கு ஊர் ஓவியர்களுக்கு ஒரு தொழிற்சங்கம் இருந்தது. ஓவியர்களின் காவலராகக் கருதப்பட்ட புனித லூக்காவின் பெயரில் இயங்கியது. சங்கத்தில் பதிந்த ஆசான்தான் பட்டறை வைக்கலாம், தன் பெயரில் விற்கலாம். மாணவர்களும் உதவியாளர்களும் வரைந்தது ஆசானின் சரக்காகவே வெளியே போனது. டெல்ஃப்ட் சங்கத்தின் பதிவேடு தப்பியதால்தான் அந்த ஊரின் புகழ்பெற்ற ஓவியர் வெர்மீர் 1653 டிசம்பர் 29 அன்று பதிந்தார் என்று நமக்குத் தெரிகிறது. பல ஊர்களின் ஏடுகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

டெல்ஃப்டின் மிகீல் வான் மீரவெல்ட் (1566–1641) பட்டறையைப் பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். ஆரஞ்சு இளவரசர் குடும்பத்துக்கு உருவப்படம் வரைந்தவர் அவர். இளவரசர் மௌரிட்ஸின் படம் ஒன்று வேண்டும் என்று நகர மன்றங்களும் படைத் தலைவர்களும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பட்டறையில் ஒரு மூலப்படம் இருக்கும், அதைப் பார்த்துப் பிரதிகள் தயாராகும். முகத்தை ஒருவர் வரைய, கழுத்துப் பட்டியை இன்னொருவர், கவசத்தின் பளபளப்பை வேறொருவர். மீரவெல்ட் பத்தாயிரம் உருவப்படங்கள் செய்தார் என்று 1675இல் ஸாண்ட்ரார்ட் என்ற ஜெர்மன் ஓவியர் எழுதிவைத்தார். எண்ணிக்கையை அப்படியே நம்பத் தேவையில்லை. ஆனால் அந்தக் காலத்தவருக்கே அந்தப் பட்டறை ஒரு பெரும் உற்பத்திக்கூடமாகத் தெரிந்திருக்கிறது என்பது புரிகிறது. 2011இல் டெல்ஃப்டின் பிரின்சன்ஹோஃப் அருங்காட்சியகம் நடத்திய கண்காட்சி மீரவெல்டின் 'உருவப்படத் தொழிற்சாலை' என்றே தலைப்பு வைத்துக்கொண்டது. அங்கே கழுத்துப் பட்டியின் மடிப்பு மடிப்பாக வரைந்த அந்த இளைஞர்களில் எத்தனை பேருக்கு இன்று பெயர் இருக்கிறது?

இது ஒரு காரணம். என் பார்வையில் இதைவிட வலுவான காரணம் குடும்பங்களிடம் இருந்தது. ஒரு வீட்டில் ஒருவர் இறந்தால் நோட்டரி வந்து சொத்துப் பட்டியல் எடுப்பார். நிலக்காட்சி, கடற்காட்சி என்றால் சில சமயம் வரைந்தவர் பெயரையும் எழுதுவார்கள், ஏனென்றால் விற்றால் அந்தப் பெயருக்குக் காசு. தாத்தாவின் படத்துக்கு யார் காசு கொடுப்பார்கள்? அது விற்பதற்கல்ல. பட்டியலில் 'இறந்தவரின் தகப்பனார் படம்' என்று ஒரு வரி விழும். வரைந்தவர் யார் என்பது அந்த வீட்டுக்கு முக்கியமில்லை, வரையப்பட்டவர் யார் என்பதே முக்கியம். பேரப்பிள்ளைகள் காலத்தில் மூலையில் ஒரு குலச்சின்னத்தைப் புதிதாகத் தீட்டிச் சேர்த்தார்கள். ஓவியர் பெயரைத் தேடி எழுதிவைக்க யாருக்கும் தோன்றவில்லை.

அதனால்தான் டச்சு உருவப்படங்களில் அடிக்கடி ஒரு விசித்திரம் காண்கிறோம். மேல் மூலையில் லத்தீனில் வயது எழுதியிருக்கும், ஆண்டு எழுதியிருக்கும், குலச்சின்னத்தை வைத்துக் குடும்பமும் தெரிந்துவிடும். வரைந்தவர் பெயர் மட்டும் இருக்காது. எழுதிய அந்த வயதுகூட ஓவியருடையது இல்லை, அமர்ந்திருப்பவருடையது. புதிதாகப் பார்ப்பவர்கள் அதைக் கையொப்பம் என்று எண்ணிவிடுவது வழக்கம்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். திருமணமான தம்பதியர் பெரும்பாலும் இரண்டு தனித்தனிப் படங்களாக வரைவித்தார்கள். நம் கண்ணுக்கு இடப்பக்கம் கணவர், வலப்பக்கம் மனைவி, ஒருவரை நோக்கி ஒருவர் சற்றுத் திரும்பியபடி. சொத்து பிரிந்தபோது இந்த இணைகளும் பிரிந்தன. கணவர் ஒரு நாட்டிலும் மனைவி இன்னொரு நாட்டிலும் தனித்தனிச் சுவர்களில் தொங்குவது சாதாரணம். ஓவியரின் பெயர் ஒரு படத்தில் மட்டும் இருந்திருந்தால் மற்றது அன்றே அநாதையாகிவிட்டது. தனியாக நிற்கும் ஒரு பெண்மணி நம் இடப்பக்கம் நோக்கித் திரும்பியிருந்தால், அந்தத் திசையில் எங்கோ ஒரு கணவர் இருந்தார் என்று சந்தேகப்படலாம்.

கையை அடையாளம் காண்பது

பெயரில்லாத நிலையில் முதலில் தேட வேண்டியது கைவழக்கத்தை. இதில் பெரிய பாதை போட்டவர் ஜியோவானி மொரெல்லி என்ற இத்தாலியர். மருத்துவம் படித்தவர். 1870களில், இவான் லெர்மோலியெஃப் என்ற ரஷ்யப் பெயருக்குள் ஒளிந்துகொண்டு அவர் எழுதிய கட்டுரைகள் சொன்னது இதுதான்: ஓவியர் தன் முழுக் கவனத்தையும் கொட்டும் இடத்தை வைத்து அவரை அடையாளம் காணாதீர்கள். கண்ணையும் புன்னகையையும் யாரும் காப்பியடிக்கலாம். காது மடலையும் விரல் நகத்தையும் பாருங்கள். அங்கே கை பழக்கத்தில் ஓடுகிறது.

மொரெல்லியின் காதுப் பட்டியல்களை இன்று யாரும் சூத்திரம்போல் பயன்படுத்துவதில்லை. ஆனால் அவர் சொன்ன கண்பழக்கம் இன்றும் வேலை செய்கிறது, உருவப்படத்தில் இன்னும் நன்றாக. ஏனென்றால் முகம் அமர்ந்தவருக்குச் சொந்தம். மூக்கு அவருடையது, தாடை அவருடையது. ஓவியரின் சுதந்திரம் வேறு இடங்களில்தான் இருக்கிறது. கண்ணிமையின் ஓரத்தில் ஈரத்தை எப்படிக் காட்டுகிறார்? வெள்ளைப் புள்ளி ஒன்றா, மெல்லிய கோடா? கைகளை வரையத் திணறுகிறாரா? (பலர் திணறினார்கள். கையுறையைப் பிடிக்கவைத்தோ அங்கிக்குள் மறைத்தோ தப்பித்தார்கள்.) சரிகையின் ஓட்டைகளைக் கறுப்பால் குத்துகிறாரா, வெள்ளை நூலை மேலே இழுக்கிறாரா? கறுப்பு உடையின் மேல் கறுப்புப் பூவேலை, அதை எத்தனை கறுப்புகளில் செய்கிறார்? டச்சுச் சீமான்கள் கறுப்பு உடுத்தியதால் இந்தக் கேள்வி ஓயாமல் வரும். பின்னணிச் சுவரில் ஒளி எந்தப் பக்கம் சாய்கிறது, உருவத்தின் நிழல் விழுகிறதா இல்லையா என்பதும் ஒரு கைவழக்கமே.

இப்படி இருபது படங்களில் ஒரே நகமும் ஒரே இமையும் ஒரே சரிகையும் திரும்பி வந்தால் ஓர் ஆள் மெல்ல உருவாகிறார். மாக்ஸ் ஃப்ரீட்லேண்டர் என்ற ஜெர்மன் அறிஞர் தொடக்கக்கால நெதர்லாந்து ஓவியம் பற்றி 1924 முதல் 1937 வரை 14 தொகுதிகள் எழுதினார். அவற்றில் இப்படிப்பட்ட பெயரற்ற 'ஆசான்கள்' பலருக்குத் தனித்தனி இடம் கொடுத்தார். சேர்ப்பதும் பிரிப்பதுமாக இன்றுவரை அந்தப் பட்டியல்களோடு வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

தேகத்தோடு உடுப்பும் சாட்சி சொல்லும். தட்டு அளவுக்கு விரிந்த மடிப்புக் கழுத்துப் பட்டி, தோளில் சரியும் சரிகைப் பட்டி, தொப்பியின் விளிம்பு எல்லாம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறின. உடையை அறிந்தவர் ஒரு படத்தைப் பத்தாண்டுக்குள் அடைத்துவிடுவார். மூத்தவர்கள் தங்கள் இளமைக்கால நாகரிகத்தையே விடாமல் உடுத்தினார்கள் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. எழுபது வயதுப் பாட்டியின் பட்டியை வைத்து ஆண்டு சொன்னால் இருபது ஆண்டு தவறலாம்.

மரம் சொல்லும் ஆண்டு

கண் சொன்னதைச் சோதிக்க இன்று பொருளறிவு துணைக்கு வருகிறது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது மரவளையக் கணக்கு.

பலகையில் வரைந்த டச்சு ஓவியர்கள் பெரும்பாலும் ஓக் பலகையைத்தான் பயன்படுத்தினார்கள். நல்ல பலகை பெரும்பாலும் பால்டிக் கரைப் பகுதியிலிருந்து கப்பலில் வந்தது. மரம் ஆண்டுக்கு ஒரு வளையம் வளர்கிறது. மழை நன்றாகப் பெய்த ஆண்டில் அகலமாக, வறண்ட ஆண்டில் ஒடுக்கமாக. ஒரு வட்டாரத்து மரங்களில் எல்லாம் இந்த அகல ஒடுக்கத்தின் வரிசை ஒன்றுபோல் இருக்கும். பலகையின் ஓர விளிம்பில் வளையங்களை அளந்து, ஏற்கெனவே ஆண்டு தெரிந்த வரிசையோடு பொருத்தினால், அந்தப் பலகையில் உள்ள கடைசி வளையம் எந்த ஆண்டுக்குரியது என்று தெரிந்துவிடும். பூச்சி அரிக்கும் என்பதால் தச்சர் வெளிப்புறத்து மென்மரத்தைச் செதுக்கி எறிந்திருப்பார், அதற்குச் சில வளையங்களைக் கூட்ட வேண்டும். மரம் காய ஓரிரு ஆண்டுகளையும் சேர்க்க வேண்டும். கிடைப்பது 'இந்த ஆண்டுக்கு முன் இது வரையப்பட்டிருக்க முடியாது' என்ற ஒரு வரம்பு. யார் வரைந்தார் என்று மரம் சொல்லாது. ஆனால் 1620இல் இறந்த ஒருவர் பெயரை 1635இல் காய்ந்த பலகையின்மேல் ஒட்டியிருந்தால் அந்தப் பெயர் அங்கேயே உதிர்ந்துவிடும். சில வேளை இன்னும் பெரிய பரிசு கிடைக்கும். இரு வேறு ஊர்களில் உள்ள இரண்டு படங்களின் பலகை ஒரே மரத்திலிருந்து அறுத்தது என்று தெரியவரும். ஒரே பட்டறையின் வாசம் அங்கே வீசத் தொடங்கும்.

யாகோபஸ் வ்ரெல் என்ற ஓவியரின் கதையில் இந்த மரக்கணக்கு செய்த உதவியைச் சொல்லாமல் விட மனமில்லை. அவர் உருவப்பட ஓவியர் அல்ல. ஆளற்ற சிறு தெருக்களையும், ஜன்னலருகே தனியாக இருக்கும் பெண்களையும் வரைந்தவர். பெயர் தெரியும், ஏனென்றால் படத்துக்குள் கீழே கிடக்கும் காகிதத் துண்டில் எழுதியிருப்பார். ஆனால் எங்கே பிறந்தார், யாரிடம் கற்றார், எப்போது இறந்தார் என்று ஒரு வரி ஆவணம் இல்லை. பெயரின் முதலெழுத்துகளும் வெர்மீருடையவையும் ஒன்றே என்பதால், 19ஆம் நூற்றாண்டில் வெர்மீரை மீட்டெடுத்த தோரே-பர்கர் என்ற பிரெஞ்சு விமர்சகர் வ்ரெலின் சில படங்களை வெர்மீர் கணக்கிலேயே எழுதிவிட்டார். பிறகு வ்ரெல் வெர்மீரைப் பின்பற்றிய சிறிய ஓவியர் என்று கருதப்பட்டார். பலகைகளை அளந்தபோது வரிசை தலைகீழானது. அவர் வெர்மீருக்கு முன்பே அந்த அமைதியை வரையத் தொடங்கிவிட்டவர். ஹேக் நகரின் மவுரிட்ஸ்ஹவுஸ் 2023இல் அவருக்காக நடத்திய கண்காட்சி அவரை வெர்மீரின் முன்னோடி என்றே அழைத்தது. வாழ்க்கைக் குறிப்பு இல்லாமலே ஒருவருக்கு வரலாற்றில் இடம் மாற முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மற்றக் கருவிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எக்ஸ்ரேயில் ஈய வெள்ளை பளிச்சென்று தெரியும், அதனால் ஓவியர் முதலில் போட்டு மறைத்த வடிவங்கள் வெளிவரும். அகச்சிவப்பு ஒளி வண்ணத்தை ஊடுருவி அடியில் உள்ள கரிக்கோட்டைக் காட்டும். 1960களில் இந்த முறையை வளர்த்தவர் வான் அஸ்பெரன் டி பூர் என்ற டச்சு இயற்பியலாளர். கித்தானில் வரைந்த படமென்றால் நூல் அடர்த்தியை எண்ணி, ஒரே பாவில் நெய்த துணியா என்று பார்க்கலாம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்ட பிரஷ்ய நீலம் ஒரு '1630ஆம் ஆண்டு' படத்தின் மூல அடுக்கில் இருந்தால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

அட்டையை வாசிப்பது

இத்தனை உழைப்பும் கடைசியில் சுவரில் ஒட்டிய ஒரு சிறு அட்டையில் ஒரு வரியாகச் சுருங்குகிறது. அந்த வரியில் ஒரு படிநிலை இருக்கிறது. பெயர் மட்டும் இருந்தால் அருங்காட்சியகம் உறுதியாக நிற்கிறது என்று பொருள். 'இவருடையதாகக் கருதப்படுவது' என்றால் நம்புகிறார்கள், சான்று போதவில்லை. 'இவருடைய பட்டறை' என்றால் அவர் கண்காணிப்பில் வேறு கை வரைந்தது. 'இவர் வட்டம்' என்றால் அருகில் இருந்த யாரோ. 'இவரைப் பின்பற்றியவர்' என்றால் பிற்காலத்தவராகவும் இருக்கலாம். 'இவரைப் பார்த்து வரைந்தது' என்றால் நகல். இவற்றுக்கெல்லாம் அப்பால்தான் 'பெயர் தெரியாதவர், வடக்கு நெதர்லாந்து, சுமார் 1630' என்ற வரி வருகிறது. அந்த வரியிலும் ஊரையும் காலத்தையும் யாரோ உழைத்துச் சம்பாதித்திருக்கிறார்கள்.

அட்டை மாறும். 2022இல் வாஷிங்டனின் தேசியக் கலைக்கூடம் தன்னிடமுள்ள 'புல்லாங்குழலுடன் பெண்' படம் வெர்மீருடையது அல்ல, அவரோடு தொடர்புள்ள வேறொருவருடையது என்று அறிவித்தது. சில மாதங்களில், 2023இல், ரைக்ஸ்மியூசியம் நடத்திய பெரும் வெர்மீர் கண்காட்சியில் அதே படம் வெர்மீர் என்ற பெயரிலேயே தொங்கியது. படம் அதேதான், இரு நிறுவனங்களும் நேர்மையாக வேறுபட்டன. வெர்மீர் அல்ல என்பது சரியானால், வெர்மீரின் பக்கத்தில் நின்று கற்ற ஒரு பெயரற்றவர் நமக்குக் கிடைக்கிறார். எனக்கு அது இழப்பாகப் படவில்லை.

பெரிய பெயர்களின் இழுப்பு

இங்கேதான் இந்த விஷயத்தின் நியாயம் இருக்கிறது. பெயரில்லாத நல்ல படத்தை ஒரு பெரிய பெயர் தன்பால் இழுத்துக்கொள்ளும். சந்தையில் விலை பலமடங்கு உயரும் என்பதால் இழுப்பதற்கு ஆள் எப்போதும் இருக்கிறார்கள்.

யூடித் லைஸ்டர் 1609இல் ஹார்லெமில் பிறந்தவர். 1633இல் அந்த ஊர்ச் சங்கத்தில் ஆசானாகப் பதிந்தவர், பெண்ணுக்கு அது அரிது. 1660இல் இறந்தார். அதன்பின் ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் அவரை யாரும் அறியவில்லை. அவருடைய படங்கள் தொலைந்துவிட்டன என்று நினைக்க வேண்டாம். அவை அதே ஊரின் புகழ்பெற்ற ஓவியர் ஃப்ரான்ஸ் ஹால்ஸ் பெயரிலும் மற்றவர் பெயரிலும் சுவரில் தொங்கி, பாராட்டும் வாங்கிக்கொண்டிருந்தன. ஹால்ஸ் என்று சொல்லி விற்ற ஒரு படத்தில், பொய்க் கையொப்பத்துக்கு அடியில் வேறொரு முத்திரை தெரிந்தது: இரண்டு எழுத்துகள், கூடவே ஒரு நட்சத்திரம். விற்றவருக்கும் வாங்கியவருக்கும் வழக்கு மூண்டது. ஹோஃப்ஸ்டேட டி க்ரூட் என்ற டச்சு அறிஞர் 1893இல் அந்த முத்திரை லைஸ்டருடையது என்று நிறுவி, வேறு சில படங்களையும் அவருக்கு மீட்டுக்கொடுத்தார். வழக்கில் வாதாடியவர்களுக்கு ஒரு பெரிய ஓவியர் கிடைத்த மகிழ்ச்சி இல்லை, ஹால்ஸ் போய்விட்ட வருத்தம்தான் இருந்தது. லைஸ்டருக்கென்றே ஹார்லெமிலும் அமெரிக்காவின் வொர்செஸ்டரிலும் ஒரு பெரிய கண்காட்சி நடக்க 1993 வரை ஆனது.

பெர்லினின் 'பொன் தலைக்கவச மனிதர்' எதிர்த்திசையில் போன கதை. ரெம்பிராண்ட் என்றால் இதுதான் என்று மக்கள் நினைத்த அளவுக்குப் புகழ்பெற்ற படம். 1980களின் நடுவில் அது அவருடையதல்ல, அவர் வட்டத்தில் ஒருவருடையது என்று தெரிந்தது. படத்தில் ஒரு தூரிகைக் கோடுகூட மாறவில்லை. அந்தக் கவசத்தின் தங்கத்தைக் குழைத்து அப்பிய கை அவ்வளவு தைரியமானது. ரெம்பிராண்டுக்கு வாங்கிய கைதட்டலை அந்தப் பெயரற்றவரிடம் திருப்பிக் கொடுக்காமல், கூட்டம் குறைந்துபோனதுதான் எனக்கு வருத்தம்.

இப்படிப்பட்டவர்களில் கொஞ்சம் அடையாளம் விட்டுப்போனவர்களும் உண்டு. 1632 முதல் 1658 வரை ஆண்டு குறித்த படங்களில் ஐ. எஸ். என்ற இரண்டு எழுத்துகளை மட்டும் போட்டவர் ஒருவர். முகச் சுருக்கங்களை ஒவ்வொன்றாக எண்ணி வரைந்தவர்போல் தெரியும் முதியவர் தலைகள் அவருடையவை. ரெம்பிராண்ட் லைடன் ஊரில் இருந்த காலத்து வட்டத்தை அவை நினைவூட்டுகின்றன. அவர் வரைந்தவை பெரும்பாலும் உருவப்படம் அல்ல, ட்ரோனி. டச்சுக்காரர்கள் அந்தப் பெயரில் சொன்னது, யாரோ ஒருவரை அமரவைத்து, 'இன்னார்' என்று காட்டாமல், முதுமையையோ வியப்பையோ ஓர் அயல்நாட்டு உடையையோ காட்ட வரைந்த தலைகளை. ஆக இந்தப் படங்களில் வரைந்தவருக்கும் பெயரில்லை, வரையப்பட்டவருக்கும் பெயரில்லை. அந்த இரண்டு எழுத்துகளும் அதிகம் உதவவில்லை. அக்காலத்தில் ஐயும் ஜேயும் எழுத்தில் ஒன்றே. யான், யாகோப், யோஹன்னஸ் என்று டச்சுத் தெருக்களில் பாதிப் பேர் அந்த எழுத்தில் தொடங்குவார்கள்.

கண்காட்சிக்குள் போனால் எதைப் பார்ப்பது?

ஒரு பெயரற்ற ஓவியரின் கண்காட்சியில் பெரும்பாலும் நான்கு வகைப் பொருள்கள் கலந்திருக்கும்: உறுதியாக ஒரே கை என்று நம்பும் மையப் படங்கள், சந்தேகத்துக்குரியவை, அக்காலத்தின் பெயர் தெரிந்த ஓவியர்களின் படங்கள், எக்ஸ்ரே போன்ற ஆய்வுப் படங்கள். காப்பாட்சியர் ஒரு வழக்கைக் கட்டி நம்முன் வைக்கிறார். உலகின் பல மூலைகளில் கிடக்கும் படங்கள் ஒரே வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது அந்த ஒரு முறை மட்டும்தான். புகைப்படத்தில் ஒரே கை என்று தோன்றியவை நேரில் நின்றதும் பிரிந்துவிடுவதும் உண்டு. அதனால்தான் இவ்வளவு செலவு செய்து கப்பலிலும் விமானத்திலும் வரவழைக்கிறார்கள்.

முதலில் அட்டைகளைப் படிக்காமல் ஒரு சுற்று நடந்துவிடுங்கள். எந்த இரண்டு படங்கள் ஒருவருடையவை என்று உங்கள் கண்ணே சொல்லட்டும். பிறகு மையப் படம் எது என்று தேடுங்கள். மற்றவை எல்லாம் அதோடு ஒப்பிட்டுத்தான் சேர்க்கப்பட்டிருக்கும், அது ஆடினால் எல்லாம் ஆடும். அப்புறம் முகத்தை விட்டுவிட்டு கைக்குப் போங்கள், கையிலிருந்து மணிக்கட்டுச் சரிகைக்கு. சந்தேகத்துக்குரிய படத்தின்முன் கொஞ்சம் அதிக நேரம் நில்லுங்கள். அறிஞர்களின் சண்டை நடக்கும் இடம் அது.

பயணச்சீட்டு இல்லாமலும் இதைப் பழகலாம். ரைக்ஸ்மியூசியம் தன் படங்களை மிக நுணுக்கமான தெளிவில் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. விரல் நகம் திரையை நிறைக்கும்வரை பெரிதாக்கலாம். ஹேக் நகரில் உள்ள டச்சுக் கலை வரலாற்று நிறுவனமான ஆர்கேடி (RKD), உலகெங்கும் உள்ள டச்சுப் படங்களின் தரவுத்தளத்தை எல்லாருக்கும் திறந்துவைத்திருக்கிறது. அதில் ஒரு படத்தை இதுவரை யார் யார் பெயரில் சொன்னார்கள், எப்போது மறுத்தார்கள் என்ற வரலாறும் பல பதிவுகளில் இருக்கும். டச்சு மொழியில் 'அனோனிம்' (anoniem) என்று தேடினால் பெயரற்றவர்கள் வரிசையாக வருவார்கள். அதில் நம் இடப்பக்கம் நோக்கித் திரும்பிய ஒரு பெண்மணியைத் தேர்ந்தெடுங்கள். மூலையில் எழுதிய வயதையும் ஆண்டையும் குறித்துக்கொண்டு, அதே ஆண்டில், அதே அளவுப் பலகையில், வலப்பக்கம் நோக்கித் திரும்பிய ஓர் ஆண் எங்கேனும் தனியாக இருக்கிறாரா என்று தேடிப் பாருங்கள்.